ரோட்டுப் பக்கத்துப் பன்னிரண்டு வரிசை

எர்னா நோவாக்கின் பெயர் எந்த ஒயின் பாட்டிலிலும் இல்லை. நாற்பத்தொரு குளிர்காலம் பரோசா பள்ளத்தாக்கின் ஈர மண்ணில் குனிந்து நின்று திராட்சைக் கொடிகளின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தவள் அவள். இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது; வலது கட்டைவிரல் நிமிராது. பாட்டிலில் இருப்பதெல்லாம் போலிட்ஸ், போலிட்ஸ், போலிட்ஸ். கொள்ளுத்தாத்தா போலிட்ஸ் நட்டார், தாத்தா போலிட்ஸ் காத்தார், அப்பா போலிட்ஸ் வளர்த்தார், மகன் போலிட்ஸ் உங்களுக்கு வழங்குகிறார். இந்த நாலு பேரையும் பார்த்த மாத்திரத்தில் கொடிகள் வேண்டாத கிளைகளைத் தாமாகவே உதிர்த்துவிட்டு நின்றன என்று நாம் நம்பிக்கொள்ள வேண்டும்.

இதில் எர்னாவுக்கு வருத்தம் ஒன்றும் பெரிதாக இருந்ததில்லை. கூலிக்கு வெட்டினோம், கூலி வாங்கினோம் என்று இருந்தாள். அவளுக்கென்று பன்னிரண்டு வரிசை ஷிராஸ் திராட்சைக் கொடி இருந்தது. அவள் புருஷன் ரெய்ன்ஹோல்டின் பன்னிரண்டு வரிசை. அதைத்தான் இப்போது போலிட்ஸ்காரர்கள் எழுதிக் கொடு என்கிறார்கள். ஏப்ரல் மாதத்து இந்தச் சனிக்கிழமை அவர்கள் வைக்கும் விருந்து முடிந்து திங்கட்கிழமை வந்தால் அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அந்தக் கொடிகளைப் பிடுங்கிவிட்டு அங்கே போலிட்ஸ் ஒயின் ஆலைக்கு வரும் விருந்தாளிகளின் கார்களை நிறுத்துவார்கள். நூற்றைம்பது வருஷக் கொடி இருந்த இடத்தில் கார்.

எழுபத்தொரு வயதில் போராட உடம்பில் தெம்பு இல்லை. போட்டுவிடலாம் என்றுதான் இருந்தாள்.

ஆனால் எர்னா பொதுவாக எதையும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. தனுண்டா ஊர்க் கண்காட்சியில் வெள்ளரிக்காய் ஊறுகாய்க்கு ஒன்பது தடவை முதல் பரிசு வாங்கியவள். ஒரு வருஷம் நடுவர் பாதிரியாரின் மனைவிக்கு முதல் பரிசைக் கொடுத்துவிட்டார். எர்னா நேராக மேசைக்குப் போய், அந்தப் பாட்டிலைத் திறந்து, ஒரு வெள்ளரிக்காயை எடுத்து நடுவரின் முகத்துக்கு நேரே வளைத்துக் காட்டினாள். வளைந்தது. நல்ல ஊறுகாய் வளையாது, உடையும். "பாதிரியார் பொண்டாட்டிக்குப் பரிசு குடுத்தா சொர்க்கத்துல சீட்டுப் போட்டு வைப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தாள். அந்த நடுவரோடு இரண்டு வருஷம் பேசவில்லை. தன் கலியாணத்தன்று வழக்கப்படி ஊரே கூடித் தகரமும் அண்டாவும் தட்டி வீட்டைச் சுற்றி வந்தபோது, ஒருவன் அவள் மாமியாரின் செம்புப் பாத்திரத்தை நசுக்கிவிட்டான் என்று மணப்பெண் உடுப்போடு அவனை ஓடைவரை துரத்தியவள்.

இப்படிப்பட்டவள் ஒரு பெரிய அநியாயத்தை இருபது வருஷம் வாய்க்குள் வைத்திருந்தாள் என்றால், அதற்கு ஒரு காரணம்தான் உண்டு. புருஷன் வாக்குக் கொடுத்திருந்தான்.

அது என்ன வாக்கு என்பதற்கு முதலில் வரிசைகளை எண்ண வேண்டும்.

கொள்ளுத்தாத்தா கோட்லீப் போலிட்ஸ் மொத்தம் முப்பத்திரண்டு வரிசை நட்டார். ஓடை ஓரத்தில் முதல் வரிசை. அங்கிருந்து மேட்டை நோக்கி இரண்டு, மூன்று, நான்கு என்று போய் ரோட்டோரம் முப்பத்திரண்டாவது. தண்ணீர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவதுதான் அங்கே வழக்கம். எவரும் எழுதி வைக்கவில்லை. கையில் ஐந்து விரல் இருப்பதைப் போல எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவர் சாகும்போது மகனுக்கு ஓடைப் பக்கத்து இருபது வரிசையைக் கொடுத்தார். நோவாக் வீட்டுக்கு மருமகளாய்ப் போன மகளுக்கு ரோட்டுப் பக்கத்துப் பன்னிரண்டு. மகளுக்குத் தூசி பறக்கிற பக்கம் போதாதா! நடுவே வேலிகூடப் போடவில்லை. குதிரை வண்டி திரும்ப இடம் வேண்டுமே என்று விட்டார்கள். பிறகு டிராக்டருக்காக விட்டார்கள். அந்தப் பன்னிரண்டு வரிசை கைமாறிக் கைமாறி ரெய்ன்ஹோல்டிடம் வந்தது.

இருபது வரிசைக்காரர்கள் கல் கட்டிடம் கட்டினார்கள். அந்த இருபதிலும் முதல் பன்னிரண்டு வரிசையின் பழத்தை மட்டும் தனியே நொதிக்க வைத்து, தனியே பீப்பாயில் போட்டு, ஒரே தோட்டத்து ஷிராஸ் என்று பெயர் வைத்து விற்றார்கள். சிட்னியிலும் லண்டனிலும் பெரிய மனிதர்கள் வரிசையில் நின்றார்கள். பன்னிரண்டு வரிசைக்காரனான ரெய்ன்ஹோல்ட் தன் பழத்தை ஊர்க் கூட்டுறவு ஆலைக்குக் கொடுத்தான். அது அட்டைப்பெட்டியில் குழாய் வைத்து விற்கிற மலிவு ஒயினாகி, யார் யாரோ குடித்துவிட்டுப் பாட்டுப் பாடினார்கள்.

இரண்டாயிரத்து நான்கு மார்ச்சில் எர்னாவின் தங்கை லாக்ஸ்டனில் செத்துப்போனாள். புருஷனும் பெண்டாட்டியும் அடக்கத்துக்குப் போய்விட்டார்கள். மறுநாள் மதியம் திரும்பி வந்து வண்டியை நிறுத்தினால், பன்னிரண்டு வரிசையும் மொட்டையாக நின்றன. ஒரு குலை இல்லை. தரையில் மிதிபட்ட பழமும் ஆட்களின் பூட்ஸ் தடமும்தான்.

"களவா?" என்றாள் எர்னா.

ரெய்ன்ஹோல்ட் குனிந்து காம்பு வெட்டியிருந்த விதத்தைப் பார்த்தான். "களவுனா இவ்வளவு நேர்த்தியாவா வெட்டுவான்?" என்றான்.

களவு இல்லை. அந்த வருஷம்தான் போலிட்ஸ் ஆலையில் பறிப்புக்குப் புது மேஸ்திரியை வைத்திருந்தார்கள், கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவன். "ஒண்ணுலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும் பறிச்சிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் ஆலை முதலாளி கிளாரி போலிட்ஸ். எங்கிருந்து ஒன்று என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. அந்த ஆள் வண்டியை ரோட்டில் நிறுத்தினான், இறங்கினான், கண்ணுக்கு முன்னால் இருந்ததை ஒன்று என்று எண்ணினான். கிளாரி சாயங்காலம் தோட்டத்துக்குப் போய்த் தன்னுடைய முதல் வரிசை பழத்தோடு நிற்பதைப் பார்த்தபோது, ரெய்ன்ஹோல்டின் பழம் முழுவதும் நசுங்கித் தொட்டியில் கிடந்தது.

புருஷனும் பெண்டாட்டியும் திரும்பி வந்த மறுநாள் காலை கிளாரி நோவாக் வீட்டுக்கு வந்தார். கையில் முழ நீளத்துக்கு புகைபோட்ட சாசேஜ், ஓர் இறைச்சிக் குழல். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிச் சமையலறை மேசைமேல் வைத்தார்.

"ரெய்ன்ஹோல்ட், தப்பு நடந்துபோச்சு."

"பார்த்தேன்."

"என்னோட பன்னிரண்டு வரிசைய நீ பறிச்சுக்க. கூட்டுறவுக்கே குடுத்துடு. சரிக்குச் சரி."

"சரி."

"விஷயம் வெளிய போகக் கூடாது. என் மகன் டேமியன் பிரான்ஸ்ல படிச்சுக்கிட்டு இருக்கான். ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு அவன் தலை நிமிர முடியுமா? நம்ம ரெண்டு பேரும் ஒரே ரத்தம்."

ஒரே ரத்தம் என்பது அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது அவருக்கு. ரெய்ன்ஹோல்ட் கையை நீட்டினான், கிளாரி குலுக்கினார். எர்னா அடுப்போரம் நின்று அந்த இறைச்சிக் குழலை வில்லை வில்லையாக நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் கை நீட்டவில்லை. அவள் ஒருத்தி அங்கே நிற்கிறாள் என்பதே இரண்டு ஆண்களுக்கும் கணக்கில் வரவில்லை.

ஆக, போலிட்ஸ் குடும்பத்தின் புனிதமான பன்னிரண்டு வரிசை அந்த வருஷம் அட்டைப்பெட்டிக்குள் போயிற்று. குடித்தவன் ஒருவனும் நிமிர்ந்து உட்காரவில்லை; எப்போதும்போல் பாடிவிட்டுத் தூங்கினான். ரெய்ன்ஹோல்டின் தூசிப் பழம் பிரெஞ்சுப் பீப்பாய்க்குள் போயிற்று. அது என்ன ஆயிற்று என்று பிறகு வருகிறது.

இதையாவது தாங்கிக்கொள்ளலாம். தவறு யாருக்கும் நேரும். எர்னாவின் வயிறு எரிந்தது அடுத்த வருஷம். ஒவ்வொரு பிப்ரவரியும் பழம் நிறம் ஏறியதும் ரெய்ன்ஹோல்ட் கிளாரியைக் கூப்பிட்டுக் காட்டுவான், ஒரு வருஷமாவது எடுத்துக்கொள்ளமாட்டாரா என்று. கிளாரி வருவார். ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போடுவார். மெல்லுவார். தோலையும் கொட்டையையும் ரோட்டோர வரிசையின் முனைக் கம்பத்தின் அடியில் துப்புவார். மணிக்கட்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்ல பழம்தான், ரெய்ன்ஹோல்ட். ஆனா என் ஒயினுக்கு ஆகாது" என்பார்.

இரண்டாயிரத்து ஐந்து பிப்ரவரியிலும் வந்தார். மென்றார், துப்பினார், அதையே சொன்னார். பத்தடி தூரத்தில், அவருடைய ஆலையில், அதே கொடியின் பழம் அவருடைய மிகச் சிறந்த பீப்பாய்களில் கிடக்கிறது. கண் சிமிட்டாமல் சொன்னார் மனிதர். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காணிக்கைத் தட்டை ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாக வந்தார். எர்னா முன்னால் தட்டு வந்தபோது அதில் என்ன போடலாம் என்று அவளுக்குத் தோன்றியது, அதைக் கோயிலில் வைத்துச் சொல்லக் கூடாது.

வீட்டுக்கு வந்து புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் தலையில மிளகாய் அரைக்கிறான், நீ குனிஞ்சு காட்டுறே. ஊரைக் கூட்டிச் சொல்லேன்!"

"சொல்லமாட்டேன்னு கை குடுத்துட்டேன்."

"நீ குடுத்தே. நான் குடுக்கலையே?"

"நீயும் நானும் வேற வேறயா எர்னா?"

முப்பது வருஷம் குடும்பம் நடத்திய புருஷன் இப்படிக் கேட்டுவிட்டான். கோபத்தில் அந்த வாரம் முழுக்க அவனுக்கு உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்துப் போட்டாள். அவன் தோலோடு தின்றான்.

ரெய்ன்ஹோல்ட் ஆறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனான். கிளாரி அதற்கும் முன்பே போய்விட்டார். வாக்குக் கொடுத்தவனும் இல்லை, வாங்கியவரும் இல்லை. ஆனாலும் செத்தவன் வாக்கை உடைத்தால் அவன் எழுந்து வந்து சண்டையா போடப்போகிறான், அதற்காகவே அந்த எளிய வழியை எடுக்கக் கூடாது என்று எர்னா பிடிவாதமாக இருந்தாள். கூட்டுறவு ஆலையையும் மூடிவிட்டார்கள். பழத்தை வாங்க ஆளில்லை. இந்த வருஷப் பழம் கொடியிலேயே வற்றியது. கிளிகள் கூட்டமாக வந்து தின்றன. ஆனாலும் வருஷாவருஷம், அங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போலிட்ஸ் கொடிகளைக் கவாத்து செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வரிசைகளைத் தனியாளாகச் செய்துகொண்டிருந்தாள்.

இந்த நிலையில்தான் கிளாரியின் மகன் டேமியன் அந்தத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தான். பிரான்சில் படித்தவன், ஐம்பதை நெருங்குகிறவன், நல்ல சட்டை. "அத்தை, யாரும் வாங்காத பழத்துக்கு ஏன் முதுகை ஒடிச்சுக்கிறீங்க? மண் பரிசோதனை பண்ணிப் பார்த்தோம். உங்க பக்கம் ஒண்ணும் இல்ல. கார் நிறுத்தத்தான் ஆகும்" என்றான். தாளை மடித்து மேசைமேல் வைத்தான். அவன் அப்பா தொப்பி வைத்த அதே மேசை.

சனிக்கிழமை விருந்துக்கும் அவன்தான் அழைத்தான். உட்கார அல்ல, நிற்க. "எங்க தோட்டத்தோட மூத்த கவாத்துக்காரி" என்று விருந்தாளிகளுக்குக் காட்டவேண்டுமாம். கவாத்துக் கத்தரியைக் கொண்டுவரச் சொன்னான், பழைய ஏப்ரனையும் கட்டிக்கொள்ளச் சொன்னான். "புதுசு வேண்டாம் அத்தை, அந்தக் கறை படிஞ்சதே இருக்கட்டும்."

தோட்டத்தின் மேட்டில், எர்னாவின் வரிசைகளிலிருந்து கூப்பிடு தூரத்தில் வெள்ளைக் கூடாரம் போட்டிருந்தார்கள். இலைகள் மஞ்சளும் சிவப்புமாகிக் கொட்டத் தொடங்கிய நேரம். நாற்பது விருந்தாளிகள். முன்வரிசையில் டேமியனின் அம்மா லோர்னா, எண்பத்தொன்பது வயது, சக்கர நாற்காலியில் முழங்கால் மேல் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தாள். எர்னா கத்தரியும் கையுமாக ஒரு பீப்பாய்ப் பக்கத்தில் நின்றாள். இரண்டு பேர் வந்து அவளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி அவள் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தாள்.

டேமியன் பேசினான். இருபது வருஷம் நிலவறையில் படுத்திருந்த இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஷிராஸை இன்றுதான் வெளியே விடுகிறோம் என்றான். எங்கள் குடும்பம் செய்ததிலேயே இதுதான் தலையாயது, அப்பாவே சாகும்வரை இதற்கு இணை வரவில்லை என்று சொன்னார் என்றான். எர்னா நிமிர்ந்தாள்.

ஊற்றினார்கள். லண்டனிலிருந்து வந்த ஒரு நிபுணர் கண்ணாடிக் கோப்பையைச் சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டார், கண்ணை மூடினார். "இதுல ஓடை இருக்கு" என்றார். "ஓடைக் கல்லோட குளிர்ச்சி. கண்ணைக் கட்டிவிட்டாக்கூட நான் சொல்லிடுவேன், ஓடைக்குப் பக்கத்துக் கொடின்னு."

எர்னாவுக்குத் தொண்டைவரை சிரிப்பு வந்தது. ஓடைக்கல்லாம்! ரோட்டுத் தூசியை மோந்து பார்த்துவிட்டு ஓடை என்கிறான் இந்த மகராசன். அவளுக்கும் யாரோ ஒரு கோப்பையைக் கொடுத்தார்கள். இருபது வருஷத்தில் முதல் தடவை அவள் வாயில் அது பட்டது. ரெய்ன்ஹோல்டுக்கு அந்த இறைச்சிக் குழலைத் தவிர ஒரு சொட்டு ஒயின்கூட வந்ததில்லை. எர்னா நிபுணர் இல்லை. கல்லும் தெரியவில்லை, மண்ணும் தெரியவில்லை. நன்றாக இருந்தது. கறுப்பு ப்ளம் பழத்தை மிளகோடு வேகவைத்து நெடுநாள் மூடி வைத்தது போல. நன்றாக இருக்கிறது ரெய்ன்ஹோல்ட், உன் பழம் நன்றாகத்தான் இருக்கிறது என்று மனசுக்குள் சொன்னாள். கண் கலங்கியது.

டேமியன் கையை நீட்டி அவள் வரிசைகளைக் காட்டினான். "மண்ணோட மகிமையைப் பாருங்க. அதோ அந்தப் பக்கம். அதே கொடி, அதே கோட்லீப் தாத்தா நட்டது. ஆனா செத்த மண். அதுல ஒயின் வராது. அடுத்த தடவை நீங்க வரும்போது உங்க காரை அங்க நிழல்ல நிறுத்தலாம்."

சிரித்தார்கள். நாற்பது பேரும் சிரித்தார்கள்.

எர்னா பீப்பாய்மேல் இருந்த பாட்டிலைத் திருப்பினாள். இந்த வெளியீட்டுக்கென்று சிட்னியில் வரைய வைத்த புது லேபிள். ஆலையின் மேசை இழுப்பறையில் கிடந்த பழைய போட்டோவைப் பார்த்து வரைந்தது. பறிப்பு நடந்த அன்று காலையில், பழக் கூடையோடு நின்ற ஆட்களை எடுத்த அந்தப் போட்டோவும் சட்டம் போட்டுப் பீப்பாய்மேல் நின்றது. லேபிளில் கறுப்பு மையில் ஒரு கிழட்டுக் கொடி, அடியிலிருந்தே இரண்டாகப் பிரிந்து தலைகீழாய் மாட்டிய கால்சட்டை போல நின்றது. பின்னால் முனைக் கம்பம். கம்பத்தில் கம்பி கட்டித் தொங்கும் ஒரு கலப்பைக் கொழு.

அந்தக் கொடியை ஒரு குளிர்காலம் விடாமல் வெட்டியவள் அவள். ரோட்டோரத்து வரிசையின் முதல் கொடி. அந்தக் கொழுவைத் தொங்கவிட்டது ரெய்ன்ஹோல்டின் அப்பா, பறிக்கிற ஆட்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட. டேமியன் அந்த மண்ணிலேயே பிறந்தவன்தான். ஒரு நாளும் பார்த்ததில்லை. கொடியின் முகம் தெரிய அதன் முன்னால் குனிந்து நிற்க வேண்டுமே. பிடுங்கிப் போடப்போகிற கொடியையே படமாகப் போட்டு விற்கிறான்!

எர்னா பாட்டிலைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். "அத்தை, எங்க போறீங்க?" என்று டேமியன் சிரித்தபடியே கேட்டான். அவள் திரும்பவில்லை. சரிந்த இடுப்போடு வரிசைகளைக் குறுக்கே கடந்து ரோட்டோரம் போனாள். கம்பத்தின் அடியில் கிடந்த சுத்தியலை எடுத்துக் கொழுவை ஓங்கி அடித்தாள். கலியாணத் தகரமெல்லாம் ஒன்றாய் விழுந்த மாதிரி சத்தம். இன்னொரு அடி. இன்னொன்று. கூடாரத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாங்க!" என்று கத்தினாள். "சாப்பாட்டு மணி இது! பாட்டிலையும் கையில எடுத்துக்கிட்டு வாங்க!"

வேடிக்கை என்று நினைத்துத்தான் வந்தார்கள், கோப்பையும் பாட்டிலும் கையுமாக. வந்து நின்றார்கள். லேபிளைப் பார்த்தார்கள், கொடியைப் பார்த்தார்கள், கொழுவைப் பார்த்தார்கள். கொழு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. முதலில் புரிந்தது எர்னாவின் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்த அந்தப் பெண்ணுக்கு. "அதே கொடி!" என்றாள்.

டேமியன் முகம் வெளுத்தது. "படம் வரைஞ்சவன் தப்பு பண்ணியிருக்கான். போட்டோ வேற எங்கயோ..."

"போட்டோல யாரு இருக்கா? உங்க ஆளுங்க. கூடையில பழம். அன்னைக்கு உங்க மேஸ்திரி ரோட்டுலேர்ந்து எண்ணிட்டான்" என்றாள் எர்னா. "நீங்க குடிச்சது என் புருஷன் பழம். உங்க ஓடைப் பழம் அட்டைப்பெட்டிக்குள்ள போச்சு. நிபுணர் ஐயா, அதையும் குடிச்சிருந்தா கண்ணைக் கட்டிக்கிட்டு என்ன சொல்லியிருப்பீங்க?"

நிபுணர் கோப்பையைப் பார்த்தார். அதில் இருந்த ஓடை காணாமல் போயிருந்தது.

"அத்தை, ஆதாரம் இல்லாம பேசாதீங்க. மாமா இருந்திருந்தா இப்படிச் சொல்லவே மாட்டாரு" என்றான் டேமியன்.

"சொல்லமாட்டாரு. உங்கப்பனுக்குக் கை குடுத்திருந்தாரு. நான் யாருக்கும் குடுக்கல." எர்னா கூட்டத்தை விலக்கிக்கொண்டு, யாரோ தள்ளிவந்திருந்த சக்கர நாற்காலியின் முன்னால் போய் நின்றாள். "லோர்னா, ஞாயித்துக்கிழமை தவறாம நானும் நீயும் ஒரே பெஞ்சுல உக்காந்து பாவ அறிக்கை சொல்றோம். இருபது வருஷமா நீ எந்தப் பாவத்தைச் சொல்லிக்கிட்டிருந்தே?"

"அம்மாவுக்கு ஞாபகம் சரியில்ல" என்றான் டேமியன்.

"என் ஞாபகத்துக்கு என்னடா கேடு" என்றாள் லோர்னா. குரல் சன்னமாக இருந்தாலும் எல்லாருக்கும் கேட்டது. கம்பளியை விரலால் திருகிக்கொண்டே இருந்தாள். "ரோட்டுலேர்ந்துதான் எண்ணினான் அந்த ஆளு. உங்கப்பா வீட்டுக்கு வந்து தொப்பியைக்கூடக் கழட்டாம உக்காந்திருந்தாரு. தொட்டியைத் திறந்து விட்டுடலாம்னார். நான்தான் வேண்டாம்னேன். நல்லா வாசம் வந்துச்சு." நிமிர்ந்து எர்னாவைப் பார்த்தாள். "அந்த இறைச்சியை வாங்கி அனுப்புனதும் நான்தான்."

எர்னாவுக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. ஆனால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்க இத்தனை வருஷமாய்ச் சேர்த்து வைத்ததெல்லாம், அந்தக் கிழட்டு விரல்கள் கம்பளியைத் திருகுவதைப் பார்த்ததும் எங்கோ போய்விட்டது. ஏப்ரன் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தாள். திங்கட்கிழமைக்கு என்று வைத்திருந்தது. டேமியனின் நல்ல சட்டைப் பையில் அதைச் செருகினாள்.

"காரைத் தலையில தூக்கி வச்சுக்கச் சொல்லு உன் விருந்தாளிங்கள" என்றாள்.

மறுநாள் கோயில் முடிந்து வெளியே வருவதற்குள் செய்தி தனுண்டா முழுக்கப் பரவிவிட்டது. சிலர் அவளைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்கள். சிலர் பெரிய வீட்டைப் பகைத்துக்கொண்டாளே என்று ஒதுங்கிப் போனார்கள். கழற்றியவர்களும் இருபது வருஷம் கழற்றாத தொப்பிதான் அது என்பதை எர்னா மறக்கவில்லை. மதியம் ப்ரூ என்கிற ஒருத்தி சின்ன டிரக்கில் வந்தாள். ஒரு கொட்டகையில் நாலு பீப்பாய் வைத்துக்கொண்டு ஒயின் செய்கிறவள். முகவுரை எதுவும் இல்லாமல், "அடுத்த மார்ச்சுல எனக்கு எத்தனை வரிசை தருவீங்க?" என்று கேட்டாள். எர்னா அவளுக்கு ஊறுகாய் கொடுத்துச் சோதித்தாள். அவள் உடைகிற சத்தத்தை ரசித்துத் தின்றதும், "பன்னிரண்டும்" என்றாள்.

திங்கட்கிழமை டேமியன் வந்தான். தாள் இல்லை. கையில் இரண்டாயிரத்து நான்கு பாட்டில் ஒன்று. எர்னா ரோட்டோரத்து முதல் கொடியின் அருகில் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நடந்தது எனக்குத் தெரியாது. சத்தியமா."

"தெரிஞ்சுக்கணும்னு நீ குனிஞ்சு பார்க்கலையே."

"உங்க பழம் முழுசும் எங்களுக்கு வேணும். இனி எல்லா வருஷமும். மாமா பேரையும் லேபிள்ல போடறேன். கீழ, சின்னதா. கோட்லீப் தாத்தா பேருக்கு அடுத்து."

"சின்னதாவா?"

"பெரிசாவே போடலாம் அத்தை. நீங்க சொல்றபடி." பாட்டிலை நீட்டினான். "இது உங்களுக்கு. முன்னாடியே குடுத்திருக்கணும்."

"திற" என்றாள்.

திறந்தான். கோப்பை கொண்டுவரவில்லை என்று தடுமாறினான். எர்னா பாட்டிலை வாங்கி அப்படியே ஒரு வாய் குடித்தாள். கன்னத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினாள். அவசரமே இல்லாமல் மென்றாள். பிறகு குனிந்து, முனைக் கம்பத்தின் அடியில், சரியாகக் கிளாரி துப்பிய அந்த இடத்தில் துப்பினாள். மணிக்கட்டால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல ஒயின்தான், டேமியன்" என்றாள். "ஆனா என் பழத்துக்கு ஆகாது."